தாமிரபரணி: எழுவாய் இல்லாத வரலாறு



1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில், 17 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு பேர் பெண்கள். ஒன்று குழந்தை. அந்த 17 பேரின் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசாமல், அந்த ஆற்றைப் பற்றியே பேசலாம் என்று முடிவுசெய்தேன். அந்த நாளைப் பற்றி நம்மிடம் கட்டுரைகள் இருக்கின்றன, ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் இருக்கிறது. ஆற்றைப் பற்றியும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த இரண்டும் வேறு வேறு அலமாரிகளில் இருக்கின்றன. ஆற்றின் பெருமையை எழுதுகிறவர்கள் அகத்தியரில் தொடங்கி ஆதிச்சநல்லூரில் முடித்துவிடுகிறார்கள். ஜூலை 23ஐ எழுதுகிறவர்களுக்கு ஆறு என்பது சம்பவம் நடந்த இடம், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்திருப்பீர்கள். ஆற்றைப் பற்றி எழுதப்படும் வாக்கியங்களில் எழுவாய் யார் என்று பாருங்கள். ‘தாமிரபரணி நெல்லையை வளப்படுத்தியது.’ ‘கால்வாய் வெட்டப்பட்டது.’ ‘அணை எழுந்தது.’ வயலை வளப்படுத்தியது ஆறு. வெட்டியது யாரென்று இல்லை. அணை தானாகவே எழுந்துகொண்டது. இந்த இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குவோம்.

தாமிரபரணி நீளமான ஆறு இல்லை. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர்தான். காவிரி அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் ஓடுகிறது. ஆனால் தாமிரபரணிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. ஆகவே இந்த ஆற்றில் நடந்த எதற்கும் பக்கத்து மாநிலத்தின்மேல் பழி போட முடியாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இதற்கு நீர் தருகின்றன. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எனத் துணையாறுகள் வழியெங்கும் வந்து சேர்கின்றன.

மலையில் காரையாறு அணைக்கு அருகே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. அணையும் மின்நிலையமும் புலிகள் காப்பகமும் எல்லாம் அவர்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தபோது வந்தவை. அந்தக் காட்டுக்குள்ளேயே ஆற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். அங்கே பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் காணிக்கையாகத் தோல் செருப்புகளைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். தெய்வத்துக்குச் செருப்பு எதற்கு?

பட்டவராயன் என்பவன் முத்துப்பட்டன். வில்லுப்பாட்டில் இன்றும் பாடப்படும் கதை. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கண்டு மணக்க விரும்புகிறான். வாலப்பகடை சக்கிலியர், இன்றைய சொல்லில் அருந்ததியர். ‘என் மக்களைக் கட்ட வேண்டுமானால் எங்களைப் போல ஆகிவா’ என்கிற தொனியில் நிபந்தனை வருகிறது. முத்துப்பட்டன் பூணூலைக் கழற்றி, குடுமியை அறுத்து, தோல் வேலை கற்றுச் செருப்புத் தைக்கிறான். பிறகு மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துப்போகிறான். ஆற்றின் தலைமாட்டில், மலைக் காட்டுக்குள், தீட்டுப் பொருள் என்று ஊர் ஒதுக்கிய செருப்பு காணிக்கையாகத் தொங்குகிறது. இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தவர் நா. வானமாமலை. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சொல்லும் பாடங்களும் உண்டு. கதையைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் பெண்களின் பிறப்பை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். நம் மாணவர்கள் பாடபேதங்களைத் தேடிப் படிக்கும்போது இந்த மாதிரி ஒட்டுகளைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் காடு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1929இல் ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் மலைக்காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் உருவாயின. ‘கம்பெனி தேயிலை பயிரிட்டது’ என்று எழுதுவார்கள். மறுபடியும் எழுவாயைப் பாருங்கள். சமவெளியின் நெல் வயல்களில் நிலமில்லாமல் கிடந்த பள்ளர், பறையர் குடும்பங்களும் கேரளத்திலிருந்து வந்த கூலிகளுமாகப் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள்தான் மரம் வெட்டி, சரிவில் படி வெட்டி, அட்டைக் கடியில் கொழுந்து பறித்தார்கள். லயன் வீட்டில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, ஓய்வு பெறும் நாளில் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை.

திருநெல்வேலி மக்களுக்குத் தேயிலைக் கூலி அதற்கு முன்பே பழக்கமானதுதான். 19ஆம் நூற்றாண்டில் இந்த மாவட்டத்தின் தலித் குடும்பங்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. இலங்கைக்குப் பழைய பெயர்களில் ஒன்று தாம்பபண்ணி. இந்த ஆற்றின் பெயரும் அதுவும் ஒன்றே. ஆறும் தீவும் பெயரைப் பகிர்ந்துகொண்டது பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதுகிறார்கள். கூலிக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே போய்வந்ததும் அந்த உறவின் வரலாறுதான்.

மாஞ்சோலைச் சரிவுகளில் பெய்யும் மழை மணிமுத்தாறாக இறங்குகிறது. மலையடிவாரத்தில் 118 அடி உயர மணிமுத்தாறு அணை. 1950களின் இறுதியில், காமராசர் ஆட்சியில் கட்டப்பட்டது. அங்கிருந்து நீர் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தாமிரபரணியோடு கலந்து, சேரன்மாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு வருகிறது. இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துக்குக் கீழே ஆறு சமவெளிக்கு வருகிறது. இனி எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியானதை ஆங்கில ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டினார்கள். மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எட்டிலிருந்தும் 11 கால்வாய்கள் பிரிகின்றன. அவை 180க்கு மேற்பட்ட குளங்களை நிரப்பி, சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கின்றன. ஒரு குளம் நிறைந்து அதன் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும் அந்த ஏற்பாட்டைப் பார்த்து இன்றைய பொறியாளர்களும் வியக்கிறார்கள். வியக்கட்டும். ஆனால் அது யாருடைய அறிவு?

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு வாய்மொழிக் கதை உண்டு. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னை நல்ல காரியத்துக்குச் செலவிட நினைக்கிறார். அகத்தியர் ஆலோசனைப்படி ஒரு பசுவின் பின்னால் போகிறார். பசு நடந்த வழியே கால்வாய். கோமியம் விட்ட இடத்தில் மடை. படுத்த இடத்தில் குளம். கதை அழகாகத்தான் இருக்கிறது. பணம் கொடுத்தவருக்கு அதில் இடமிருக்கிறது, யோசனை சொன்ன முனிவருக்கு இடமிருக்கிறது, சாணி போட்ட பசுவுக்கும் இடமிருக்கிறது. மண் வெட்டியவனுக்கும் கூடை சுமந்தவளுக்கும் மட்டும் ஒரு வரி இல்லை. நிலத்தின் வாட்டம் தெரியாமல் கால்வாய் வெட்ட முடியாது. தண்ணீர் எந்தப் பக்கம் சாயும், எந்த மண் கரைக்கு நிற்கும், எங்கே கல் வைத்தால் அரிக்காது என்பதெல்லாம் காலில் சேறு பட்டவர்களின் அறிவு. அந்த அறிவைப் பசுவின் பேரில் எழுதிவைத்திருக்கிறோம்.

அந்த அறிவுக்குக் கிராமத்தில் பெயர் உண்டு: நீர்ப்பாய்ச்சி. மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும், கால்வாயில் தூர் அடைத்தால் இறங்கி எடுப்பதும், நடுராத்திரியில் மண்வெட்டியோடு கரை நெடுக நடந்து உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று கணக்கு வைப்பதும் அவர்கள் வேலை. நீர் குறையும் கோடையில் இந்தக் கணக்கு பிசகினால் வெட்டுக்குத்து வரும். பெரும்பாலும் பள்ளர் சமூகத்தவரே இந்தப் பொறுப்பில் இருந்தார்கள். ‘குடும்பன்’ என்பதே அந்தச் சமூகத்தின் தலைமைப் பட்டம். ஊர் முழுவதன் தண்ணீரையும் பங்கிட்டவருக்குத் தன் மண்வெட்டி திருப்பிவிட்ட அந்த நீர் பாயச் சொந்தமாக ஒரு வயல் இருந்ததில்லை என்பதுதான் இந்த ஆற்றின் மையமான முரண். அறுவடையில் களத்திலிருந்து அளந்து கொடுக்கும் நெல்தான் அவருக்கு வருமானம். அந்த நெல்லுக்கு ஊரில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். களத்து மேட்டில் கைநீட்டி வாங்கும் பங்குதான் நெடுங்காலம் நம் மக்கள் அறிந்த ‘சுதந்திரம்’.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் பள்ளர், குடும்பன் உள்ளிட்ட ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் வந்துள்ளன. அந்தச் சமூகத்தில் ‘தலித்’ என்ற சொல்லை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடன் எனக்கு விவாதம் உண்டு, விரோதம் இல்லை. வரலாற்றுப் பெயர்களை நான் இங்கே ஆவணங்களில் இருப்பதால் சொல்கிறேன்.

திருநெல்வேலியின் வேளாண் வரலாற்றைப் பற்றி டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட நூலை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மாவட்டத்தை நீரின் அடிப்படையில் பகுத்துப் பார்க்கிறார்: ஆற்றுப் பாசன நன்செய், வானம் பார்த்த புன்செய், இரண்டும் கலந்த பகுதி. ஆற்றங்கரை நன்செய்யில் நிலம் பார்ப்பன, வேளாள மிராசுதாரர் கையில். உழைப்பு பள்ளர் கையில். அக்கிரகாரங்களும் கோயில்களும் ஆற்றை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, நவகைலாயம், நவதிருப்பதி. எவ்வளவு நீரோ அவ்வளவு படிநிலை. புன்செய்க் காட்டில், மழையை நம்பிய கரிசலில், ஒடுக்கப்பட்டவர் சிறிதளவாவது நிலம் பிடிக்க இடமிருந்தது. வளமான இடத்தில் அதுவும் இல்லை. ‘நீர் உயர நெல் உயரும்’ என்ற வழக்கை நாம் சந்தேகப்படாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நெல் உயர்ந்தது, அதை நட்டவள் உயரவில்லை. நாற்றுப் பறிப்பு, நடவு, களை என்று வயலில் குனிந்தே நாள் கழித்த பெண்களுக்கு ஆணின் கூலியும் கிடைக்கவில்லை.

ஆற்று நீர் எல்லாருக்கும் பொது என்பார்கள். ஆறு பொதுதான், படித்துறை பொது இல்லை. மேல்மடையில் அக்கிரகாரத் துறை, கோயில் துறை. அதற்குக் கீழே மற்றச் சாதிகளின் துறை. சேரிக்காரர்கள் அதற்கும் கீழே. ஓடும் நீர் தீட்டை அடித்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கைகூட எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. மேலேயிருந்து வரும் அழுக்கைக் கீழே இருப்பவன் குடிக்கலாம். கீழே இருப்பவன் மேலே போய் ஒரு கை அள்ளக் கூடாது. 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதே அம்பேத்கர் 1940களில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் மகாநதித் திட்டத்துக்கும் அடித்தளம் இட்டார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு கை நீருக்கான உரிமையும் ஒரு நதிப் பள்ளத்தாக்கின் நிர்வாகமும் அவருக்கு வேறு வேறு பிரச்சினைகளாக இருக்கவில்லை.

திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. தன் சொந்தச் செலவில் கட்டிக்கொடுத்த அந்த மனிதரை ஊர் இன்றும் நன்றியோடு நினைக்கிறது, நினைக்க வேண்டியதுதான். அதே 1843இல்தான் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று ஐந்தாம் சட்டம் வந்தது. பாலம் வந்த ஆண்டு ஊருக்குத் தெரியும்; சட்டம் வந்த ஆண்டு தெரியாது. தெரியாததற்குக் காரணமும் உண்டு: பண்ணையாள் முறையில் கடனுக்கும் குடியிருக்கும் மனைக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களின் வாழ்க்கையை அது உடனே மாற்றவில்லை. 15 ஆண்டு கழித்து, 1858இல், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வருகிறது. குளமோ கால்வாயோ உடையும் ஆபத்து வந்தால் கிராமத்தின் உழைக்கும் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். நிலம் உள்ளவருடைய வயலைக் காப்பாற்ற நிலம் இல்லாதவர் வெள்ளத்தில் இறங்க வேண்டும். பழைய குடிமராமத்து ஊர் கூடிச் செய்த பொதுப்பணி என்று இப்போது மகிழ்ச்சியாகப் பேசுகிறார்கள். அந்த ஊர்க்கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார், யார் மண் சுமந்தார் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு மகிழலாம்.

இனி ஜூலை 23.

மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1998 முதலே போராடிவந்தார்கள். போராட்டத்தில் கைதான 652 பேர் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்யவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கோரி, டாக்டர் கிருஷ்ணசாமியின் புதிய தமிழகம் கட்சியும் வேறு கட்சிகளும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் நடத்தின. ஆட்சியர் அலுவலகம் இருப்பது கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில். ஒரு பக்கம் அலுவலகம், மறுபக்கம் ஆறு, நடுவில் சாலை. வந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக வந்த சமவெளித் தலித்துகளும் இருந்தார்கள். மணிமுத்தாறு இறங்கிவரும் வழியில்தான் அவர்களும் இறங்கிவந்தார்கள்.

தடியடி தொடங்கியதும் ஓட இருந்த வழி ஆறு ஒன்றுதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர்கள்மேல் கரையிலிருந்து தடியும் கல்லும் விழுந்ததைப் படக்காட்சிகள் பதிவுசெய்திருக்கின்றன. 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அறிக்கை சொன்னது.

‘நீரில் மூழ்கி இறந்தார்கள்.’ பிரேதப் பரிசோதனைக்கு இந்த வாக்கியம் போதும். வரலாற்றுக்குப் போதாது. கரையில் நின்றவர்கள் இல்லாத வாக்கியம் இது. பசு கால்வாய் வெட்டியது, ஆறு நெல் விளைவித்தது, ஆறே ஆளையும் கொன்றது. தலைமுறை தலைமுறையாக அந்த நீரின் ஆழமும் வேகமும் தெரிந்த சமூகம், மடையில் முங்கித் திறந்த சமூகம், முழங்கால் நீரிலிருந்து கழுத்தளவு நீருக்கு ஏன் போனது என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

ஒரு ஒப்பீடு. 2018 அக்டோபரில் அதே ஆற்றில் மகா புஷ்கரம் நடந்தது. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று விளம்பரம். வந்தவர்கள் பத்திரமாக நீராட ஏற்பாடு செய்யும் வேலையில் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இருந்தன. யார் எதற்காக ஆற்றில் இறங்குகிறார் என்பதைப் பொறுத்து அரசின் கை நீளுவதும் ஓங்குவதும் மாறுகிறது.

நகரைத் தாண்டினால் சீவலப்பேரி. சிற்றாறு வந்து சேரும் இந்த இடம்தான் முக்கூடல், முக்கூடற்பள்ளின் ஊர். வெள்ளம் வருவதையும் மீன் துள்ளுவதையும் நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் அவ்வளவு விரிவாகச் சொல்லும் நூல் தமிழில் குறைவு. பாட்டுடைத் தலைவர் கோயிலில் இருக்கும் அழகர். வேலை செய்பவன் அழகக்குடும்பன். முக்கூடல் மூத்தபள்ளியும் மருதூர் இளையபள்ளியும் மனைவியர். தமிழாசிரியர்கள் பெரும்பாலும் சக்களத்திச் சண்டையைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் காட்சி இருக்கிறது. காலை மரத்தில் பூட்டிவைக்கும் தண்டனை. மனைவி கெஞ்சி விடுவிக்க வேண்டும். சிற்றிலக்கியச் சுவை என்று நாம் படித்தது, ஒரு வேலைத்தளத்தின் தண்டனை முறை. நெல்லின் பெயர் அத்தனையும் தெரிந்தவன் காலில் மரம். புலவர் அதைக் கேலியாக எழுதினார். ஆனாலும், மற்ற நூல்களில் இல்லாத எழுவாயை, இகழ்ச்சியோடுதான் என்றாலும், இந்த நூல் பதிந்துவைத்திருக்கிறது. அதனால் பள்ளு இலக்கியத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. எதிர்த்திசையில் நின்று படிக்க வேண்டும்.

அடுத்து ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையே விரிவாக அகழ்ந்தார். அருகே சிவகளையில் தாழிக்குள் கிடைத்த உமி சுமார் 3,200 ஆண்டுப் பழமையானது என்ற முடிவை 2021இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் என்ற அறிவிப்பும் அப்போதுதான் வந்தது. நமக்குப் பெருமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அகழ்வு முடிந்த மறுநாளே ஒவ்வொரு சாதிச் சங்கமும் தாழிக்குள் தன் முப்பாட்டனைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்தத் தாழிகளில் சாதி எழுதியிருக்கவில்லை. உமியைப் பார்த்துச் சொல்லக்கூடியது ஒன்று: அங்கே யாரோ நெல் விளைவித்தார்கள். நீர் கட்டினார்கள். இரும்பு உருக்கினார்கள். நிலம் ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்கும் என்று பிரிந்தது எப்போது, எப்படி என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி. ‘நாங்கள்தான் மூத்தவர்கள்’ என்பது இல்லை.

ஸ்ரீவைகுண்டம் கடைசி அணைக்கட்டு. இங்கிருந்துதான் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நீர் போனது. அதற்கு மேலே கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குத் தாமிரபரணி நீர் விற்கப்பட்டதை எதிர்த்துப் பெரிய போராட்டங்கள் நடந்தன. 2017 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீர் வழங்குவதை அனுமதித்தது. மணல் கொள்ளைக்கு எதிராகத் தோழர் நல்லகண்ணு நீதிமன்றம் போய் 2010இல் தடை பெற்றார். தடைக்குப் பிறகும் 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, ஆற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் நீரில் மூழ்கியது. தாழ்வான இடத்தில் குடிவைக்கப்பட்டவர்கள் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு காக்கும் இயக்கங்களில் நாம் இருக்கிறோம், இருக்க வேண்டும். ஆனால் அந்த மேடைகளில் ‘நம் முன்னோர் காத்த ஆறு’ என்று பேச்சு தொடங்கும்போது, எந்த முன்னோர் என்று கேட்கிற ஒருவராவது இருக்க வேண்டும். நகரின் சாக்கடை ஆற்றில் கலப்பதை எதிர்த்து வழக்குப் போடுகிறோம். அந்தச் சாக்கடைக்குள் இறங்கும் அருந்ததியத் தொழிலாளியின் பெயர் வழக்குக் கட்டில் இல்லை.

கொற்கை ஒரு காலத்தில் கடல் துறைமுகம்; ஆறு கொண்டுவந்த வண்டல் சேர்ந்து சேர்ந்து இப்போது கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. புன்னைக்காயலில் ஆறு முடிகிறது. முத்துக்குளித்த பரதவரின் வரலாறு தனியாகப் பேச வேண்டிய ஒன்று, இன்று நேரமில்லை.

மலைக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. 2018இல் மாஞ்சோலைப் பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய நாலாண்டு இருக்கும்போதே, 2024இல், கம்பெனி தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. அப்போது மீதமிருந்தது ஐநூறுக்குச் சற்று அதிகமான தொழிலாளர்கள். எஸ்டேட்டை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளை நிறைவேற்றும்படி அரசுக்குச் சொன்னது. காடு காக்கப்பட வேண்டும், புலி வாழ வேண்டும், ஆற்றின் நீர்ப்பிடிப்பு திரும்ப வேண்டும். இவை எதையும் நான் மறுக்கவில்லை. தொழிலாளர்களும் மறுக்கவில்லை. ஜமீன் காட்டைக் குத்தகைக்கு விட்டது, கம்பெனி தேயிலை விற்றது, அரசு வரி வாங்கியது. காடு அழிந்ததற்கான விலையை மட்டும் கொழுந்து பறித்தவர்களின் பேரன் பேத்திகள் கொடுக்க வேண்டும் என்றால், அதை யார் சூழலியல் என்று சொல்வது?

குத்தகை முடியும் நாள் 2028 பிப்ரவரி 11. இறங்கிவருகிற குடும்பங்களுக்குக் கேட்கப்படுவது வீடும் நிலமும்தான். அந்த நிலத்தை இந்த ஆறு பாயும் 86 ஆயிரம் ஏக்கர் நன்செய்க்குள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் நிலமில்லாமல் மலையேறியது அங்கிருந்துதான்.